தண்ணீர் ஒன்று, கடன் மேசைகள் பல

ஆபிரிக்காவின் அபிவிருத்திக்குச் செல்வந்த நாடுகள் கூடி உதவப் போவதாகச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் மாத்தளை மாவட்டத்தின் இரண்டு அணைக்கட்டுகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். கொடுப்பவர்கள் உண்மையில் கூடித்தான் கொடுக்கிறார்களா என்பதை அங்கே பார்க்கலாம்.

அம்பன் கங்கையை மறித்து, 2018இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கம் 570 மில்லியன் கன மீற்றர் நீரைக் கொள்ளும். அதற்குக் கடன் கொடுத்தது சீன அபிவிருத்தி வங்கி. பழைய லக்கல பல்லேகம நகரை நீரில் மூழ்கடித்து எழுந்த களுகங்கை நீர்த்தேக்கத்துக்குக் குவைத், சவூதி, ஒபெக் நிதியங்கள் கடன் தந்தன. இரண்டையும் இணைக்கும் சுரங்கக் கால்வாய் ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்டம். தண்ணீர் ஒன்றுதான், கடன்காரர்கள் பலர்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியபோது இதன் விளைவு தெரிந்தது. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சீனா அதில் சேரவில்லை. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி தனியாகப் பேசியது. சீன அபிவிருத்தி வங்கி வர்த்தகக் கடன்காரராகவே கணக்கிடப்பட்டது. குவைத்துடனும் சவூதியுடனும் வேறாகப் பேச வேண்டியிருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் மறுசீரமைப்புக்குள் வரவேயில்லை. அந்தக் குழுவுடன் உடன்பாடு எட்டியது 2024 ஜூன் 26இல்தான். இந்த இழுபறியில், தம்புள்ளை வரை வரவேண்டிய மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை–மீரிகம பகுதி சீனக் கடன் கிடைக்காமல் பாதியில் நின்றது.

ஆபிரிக்காவிலும் இதே கதைதான். ஏழை நாடுகளின் கடனைச் சேர்ந்து தீர்ப்பதற்கென ஜி20 நாடுகள் 2020இல் ஒரு பொதுச் சட்டகத்தை உருவாக்கின. இலங்கைக்கு அதில் இடமிருக்கவில்லை. 2021 தொடக்கத்தில் விண்ணப்பித்த சாம்பியாவோ, அரச கடன்காரர்களுடன் உடன்பட 2023 ஜூன் வரை காத்திருந்தது. யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில் சீனாவும் மேற்கு நாடுகளும் முரண்பட்டதே தாமதத்துக்கு முக்கிய காரணம்.

ஒத்துழைப்பு என்பது மாநாட்டுப் படத்தில் ஒன்றாக நிற்பதல்ல என்றே நான் நினைக்கிறேன். கடன் கொடுக்கும்போதே நிபந்தனைகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும். நாடு நொடிந்தால் எல்லோரும் ஒரே மேசைக்கு, ஒரே காலக்கெடுவுக்குள் வர வேண்டும். கடன்காரர்கள் தமக்குள் பேசி முடிக்கும்வரை வட்டி நிற்பதில்லை. அதைக் கட்டுவது லக்கலவில் ஊரையே விட்டுக்கொடுத்த மக்களும்தான்.