தண்ணீருக்கு வழிவிடும் வீடு

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பின் நாவலடிப் பக்கம் போனவர்கள் அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வளவுகளைக் கண்டிருப்பார்கள். அந்த அழிவிலிருந்து பிறந்த ஒரு வீட்டுத் திட்டம், கட்டடக்கலைஞர் தம் முடிவுக்குக் கணினியைச் சாட்சிக்கு அழைப்பது எப்படி என்பதற்கு நல்ல உதாரணம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கார்லோ ராட்டியின் ஆய்வகமும் ஹார்வர்ட் வடிவமைப்பாளர்களும், புரோ ஹப்போல்ட் பொறியியல் நிறுவனத்தோடும் பிரஜ்னோபாய அறக்கட்டளையோடும் சேர்ந்து, இலங்கைக் கரையோரத்துக்காக அதை வரைந்தார்கள். முதல் வீடு பலப்பிட்டியில் எழுந்தது.

விநோதம் சுவரில்தான். நாலு பக்கமும் மூடிக் கட்டாமல், ‘ப’ வடிவில் நான்கு கனத்த சுவர்த்துண்டுகள். இடையில் மூங்கில் போன்ற இலேசான தடுப்புகள். அலை வந்தால் தடுப்பு போகும், தண்ணீர் ஊடே ஓடும், கூரை நிற்கும். ‘ப’வின் இரு கைகளும் நடுச்சுவருக்கு முட்டுக் கொடுக்கும். கச்சான் காற்றில் நெருக்கிக் கட்டிய கிடுகு வேலி சாய, இடைவெளி விட்ட மட்டை வேலி தப்புவதும் இப்படி வழிவிடுவதால்தான்.

இதைக் கணினி எப்படி நிரூபிக்கும்? ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. விநாடிக்கு 4 மீற்றர் வேகத்தில் வரும் நீர், தட்டையான சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் பாரமாக மோதும். பழைய வீட்டையும் புதியதையும் திரையில் நிறுத்தி, ஒரே பாரத்தை இரண்டிலும் ஏற்றி, எது முதலில் உடைகிறது என்று பார்த்தார்கள். புதியது ஐந்து மடங்கு தாங்கும் என்றது கணக்கு.

ஆனால், அந்த ஐந்து மடங்கை அப்படியே வாவிக்கரைக்குத் தூக்கிவர முடியாது. நாவலடியில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. அலை எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் வரும் என்று வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் விடை தங்கியிருக்கிறது. இதைக் கேட்பவர்கள் குறைவு. கணினியின் வண்ணப் படத்தைக் காட்டினால் கூட்டத்தில் தலையாட்டி விடுகிறோம். சுனாமிக்குப் பின் கிழக்கில் கட்டடம் கூடாதென்று போட்ட 200 மீற்றர் எல்லையும் மணல்மேடு, பள்ளம், முகத்துவாரம் பாராமல் ஒரே கோடாகத்தான் ஓடியது.

கரையோரத்தில் வீடு கட்டித் தருவதாக வருகிறவரிடம், அதே வீட்டைத் திரையில் வாவிப் பக்கம் திருப்பி, நீரை அங்கிருந்தும் விட்டுக் காட்டச் சொல்லலாம். மாதிரி தயாராக இருந்தால் அது பெரிய வேலையல்ல.