கல்லாவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியா?

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் எங்களுக்குச் சிறிய நகைக்கடை. பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வியாபாரத்தை விட்டுவிட்ட பிரிக்பீல்ட்ஸ் நண்பர், தம் பழைய கைத்துப்பாக்கியை மலிவாகத் தருவதாகச் சொன்னார். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு தோட்டா பாயும். அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அவருடைய லைசென்ஸ் எனக்குச் செல்லாது. போலீஸிடம் நானே விண்ணப்பித்துப் பெற வேண்டும். சட்டவிரோதமாக வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கிறது.

"சரி, லைசென்ஸ் கிடைக்கிறது என்றே வைப்போம். முகமூடிக்காரன் துப்பாக்கியை நீட்டும்போது நீங்களும் எடுத்தால், நடுவில் நிற்கும் வேலைக்காரப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று மனைவி கேட்டாள்.

பதில் இல்லை. அந்தப் பணத்தில் இரட்டைப் பூட்டுக் கதவும் அபாய மணியும் போட்டோம். நகை போனால் சம்பாதிக்கலாம்.