தங்கூசி வலையின் பூர்வீகம்

உவரிக் கரையில் தங்கூசி வலை பொத்துகிறவர் கையில் இருப்பது நைலான் நரம்பு. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் சைக்ளோஹெக்சனோன் என்ற நீர்மத்தில் போய் நிற்கும். நிறமில்லாதது, எண்ணெய்ப் பசையுள்ளது, சுமார் 155 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. புதினாவும் அசிட்டோனும் கலந்தாற்போன்ற வாடை. பிவிசி குழாய் ஒட்டும் பசைகள் பலவற்றில் இதுவும் சேர்ந்திருக்கும்; பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து ஒட்டவைக்கும் குணம் அதற்குண்டு.

அதன் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் கும்மி வட்டம்போலக் கைகோத்து நிற்கின்றன. ஒன்றில் மட்டும் ஓர் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்போடு ஒட்டியிருக்கிறது. வேதியியல் வேலையெல்லாம் அந்த ஒரு மூலையில்தான். ஹைட்ராக்சிலமீனைச் சேர்த்தால் ஆக்சிஜன் விலகி, அந்த இடத்தில் நைட்ரஜன் வந்து உட்காரும். பிறகு கந்தக அமிலத்தில் சூடாக்கினால் வெளியே நின்ற நைட்ரஜன் வட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிடும், ஆறு ஏழாகும். எர்ன்ஸ்ட் பெக்மன் 1886இல் கண்டறிந்த மாற்றம் இது. வலை நினைப்பு அவருக்குத் துளியும் இருந்திருக்காது.

இப்படிக் கிடைக்கும் ஏழணு வளையம்தான் கேப்ரோலாக்டம். அமெரிக்காவின் ட்யூபாண்ட் நிறுவனம் நைலானுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்த காலத்தில், அதில் சிக்காத வழியைத் தேடிய ஜெர்மானியர் பால் ஷ்லாக், 1938இல் இந்த வளையங்களைச் சூட்டில் திறந்து நீளமாகக் கோத்தார். அதுவே நைலான்-6. நமக்குப் பக்கத்தில், கொச்சியை அடுத்த உத்யோகமண்டலில் உள்ள ஃபாக்ட் ஆலையிலும் கேப்ரோலாக்டம் தயாராகிறது.

நைலானுக்கு முன்பிருந்த பருத்தி வலையைத் தொழில் முடிந்ததும் உலர்த்த வேண்டும், மரப்பட்டைச் சாயத்தில் அவ்வப்போது ஊறப்போட வேண்டும். தவறினால் இற்றுவிடும். நைலானுக்கு அந்தப் பாடு இல்லை. அதன் அடர்த்தி 1.14, கடல்நீரைவிடக் கனம் என்பதால் தானே அமிழும். தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தங்கூசி எளிதில் படாது. குறையும் உண்டு: நனைந்தால் பருத்தி வலுக்கும், நைலானோ சற்றுத் தளரும். நெடுநாள் வெயிலும் அதற்கு ஆகாது.

இற்றுப்போகாத குணமே வினையாவதும் உண்டு. கடலில் அறுந்துபோன வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அதை மீட்டுக் கரை சேர்த்தால் ஒரு வழி இருக்கிறது: நைலான்-6ஐத் தக்க வினையூக்கியோடு சூடாக்கினால் சங்கிலி அறுந்து மறுபடி கேப்ரோலாக்டம் வளையமாகிறது. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் பழைய வலைகளிலிருந்து இப்படிப் புதுநூல் எடுக்கிறது. அதற்கு முன் மிதவை, ஈயக்குண்டு, வேறு பிளாஸ்டிக்கில் திரித்த கயிறு எல்லாவற்றையும் வலையிலிருந்து பிரித்தெடுத்தாக வேண்டும்.