ஹோம்ஸ் எந்தக் கட்சி?

ராஜீய விஷயங்களில் ஷெர்லக் ஹோம்ஸின் ஞானம் மிகவும் சொற்பம் என்று, பேக்கர் வீதியில் அவரோடு குடியேறிய சில வாரங்களுக்குள்ளாகவே டாக்டர் வாட்ஸன் ஒரு பட்டியலில் குறித்து வைக்கிறார். 1887-இல் அச்சேறிய அந்த நாவலின் ஆசிரியர் ஆர்தர் கோனன் டாயிலோ, அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கலாகாது என்று வாதாடிய லிபரல் யூனியனிஸ்டு கட்சியின் அபேட்சகராக 1900-இல் எடின்பரோவிலும், 1906-இல் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத் தொகுதி ஒன்றிலும் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு நின்று, இரண்டு தடவையும் தோற்றுப்போனவர்.

ஒற்றுமைகள் இல்லாமல் இல்லை. சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே கைத்துப்பாக்கியால் சுட்டு, விக்டோரியா மகாராணியின் பெயரையும் பட்டத்தையும் குறிக்கும் இரண்டு எழுத்துக்களைச் சுவரிலே பொறிக்கும் ஹோம்ஸின் ராஜபக்தி, டாயிலின் ராஜபக்தியேதான். (வீட்டுக்காரி ஹட்ஸன் அம்மாள் அதைப்பற்றி என்ன நினைத்தாள் என்பது வேறு விஷயம்.) அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரு நாள் ஒரே கொடியின் கீழ்ச் சேரும் என்று 1892-இல் ஹோம்ஸ் வெளியிடும் நம்பிக்கையும், அதற்கு முந்தின வருஷம் டாயில் தம் சரித்திர நாவலொன்றின் சமர்ப்பணத்தில் தெரிவித்த ஆசைதான்.

பட்டம் விஷயத்தில் இருவரும் பிரிகிறார்கள். போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையின் நடத்தையை ஆதரித்துப் புத்தகம் எழுதிய டாயிலுக்கு 1902-இல் 'ஸர்' பட்டம் வந்தபோது, அதை மறுத்துவிடவே அவர் நினைத்தார். தாயாரின் வற்புறுத்தலுக்கு இணங்கியே ஏற்றுக்கொண்டார். இருபது வருஷங்களுக்குப் பின் எழுதிய கதையொன்றில், அதே 1902 ஜூன் மாதத்தில் ஹோம்ஸ் 'ஸர்' பட்டத்தை மறுத்துவிட்டதாக வாட்ஸன் போகிறபோக்கில் சொல்லுகிறார். வற்புறுத்தத் தாயார் இல்லாதவருக்கு அது சுலபமாயிற்று!

அயர்லாந்தின் சுயாட்சியைப்பற்றியோ, அறுபது கதைகளில் ஒன்றிலேனும் ஹோம்ஸ் வாய் திறப்பதில்லை. காங்கோ ராஜ்யத்தில் நடந்த கொடுமைகளை அம்பலப்படுத்திய ராஜர் கேஸ்மெண்டின் சிநேகத்தால் மனம் மாறி, 1911-இல் டாயில் சுயாட்சியை ஆதரிக்கத் தலைப்பட்டார். மகா யுத்தத்தின்போது அந்தக் கேஸ்மெண்டே அயர்லாந்தின் விடுதலைக்கு ஜெர்மனியின் உதவியை நாடி, ராஜத் துரோகியென்று தீர்ப்பாகி, டாயில் முன்னின்று அனுப்பிய கருணை மனுவும் பலிக்காமல், 1916-இல் தூக்கிலிடப்பட்டார். மறு வருஷம் வெளியான கதையிலே, பிரிட்டனை வெறுக்கும் ஐரிஷ் அமெரிக்கனாக வேஷம் பூண்டு, ஜெர்மானிய ஒற்றனுக்கு உதவுவதுபோல் நடித்தே அவனை ஹோம்ஸ் வீழ்த்துகிறார். அவர் சூட்டிக்கொண்ட பொய்ப் பெயர் ஆல்டமாண்ட். அது டாயிலுடைய தந்தையாரின் நடுப்பெயர். சிநேகிதரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய குற்றத்தையே தம் துப்பறிவாளருக்கு வேஷமாக அளித்த டாயிலின் நெஞ்சில், சுயாட்சியை ஆதரித்த மனிதரைக் காட்டிலும் பழைய சாம்ராஜ்யவாதியே வலுத்திருந்தார் என்பது என் துணிபு.