வலையும் வயிறும் – 17: நீல ரத்தம்

போன வாரம் சீஃபுட் சாலட்டை மேஜையில் வைத்துவிட்டு, 'சத்துக் கணக்கு அடுத்த வாரம்' என்று எழுந்து போனேன். கூடவே தாம்பரம் சானடோரியத்தையும் மீன் எண்ணெயையும் இழுத்துவருவதாக வாக்கு வேறு கொடுத்திருந்தேன். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையிலோ, வேளச்சேரி – தாம்பரம் சாலையிலோ ஒரு ஓட்டலில் இந்த சாலட் கிண்ணம் வருகிறது. அதில் 100 கிராம் இறால், 50 கிராம் கடம்பா (கணவாய்) என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அவ்வளவு தாராளமா என்று கேட்காதீர்கள், கணக்குக்காகச் சொல்கிறேன். இறாலில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், கடம்பாவில் 8. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் வேண்டும், 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 46. ஒரே கிண்ணத்தில் பாதி நாள் புரதம் கிடைத்துவிடுகிறது. கலோரியோ மொத்தமே 130 சொச்சம்.

இதன் தலையில் இரண்டு ஸ்பூன் மயோனைஸ் விழுகிறது. அது மட்டும் 190 கலோரி, கிட்டத்தட்ட முழுக்க எண்ணெய். கடலிலிருந்து வந்ததைவிட பாட்டிலிலிருந்து வந்தது அதிகம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் மேல் உள்ள பயம்தான் காரணம். உடனே எல்லா மெனு கார்டிலும் 'எக்லெஸ்' முளைத்தது. முட்டை போனது, எண்ணெய் போகவில்லை.

'இறாலில் கொலஸ்ட்ரால் என்கிறார்களே?' என்று பெருங்களத்தூர் வாசகர் ஒருவர் விடாமல் கேட்கிறார். உண்டு. நம் கிண்ணத்தில் சுமார் 270 மில்லிகிராம், ஒன்றரை முட்டைக்குச் சமம். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. ரத்தக் கொழுப்பை ஏற்றுவதில் பெரிய பங்கு அதற்குத்தான். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015-இல் கைவிட்டுவிட்டது. டாக்டர் உங்களைத் தனியாக எச்சரித்திருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள், என் பேச்சை அல்ல.

இனி இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம். கடம்பாவின் ரத்தம் நீலம். நண்டுக்கும் இறாலுக்கும்கூட அப்படித்தான். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின், அதன் நடுவில் இரும்பு. இவற்றின் ரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது ஹீமோசயானின், அதன் நடுவில் செம்பு. இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்திருக்கும்போது நீலம், விட்டுவிட்டால் நிறமே இல்லை. 1878-இல் லெயோன் ஃபிரெடெரிக் என்ற பெல்ஜியம் நாட்டு உடலியலாளர் ஆக்டோபஸ் ரத்தத்தை ஆராய்ந்து இதற்குப் பெயர் வைத்தார். இந்தச் செம்பு ரத்தத்தை ஓட்ட கடம்பாவுக்கு இதயம் மூன்று: செவுள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, உடம்புக்கு ஒன்று. தேளுக்கும் இதே ரத்தம்தான் என்று படித்ததிலிருந்து வீட்டில் யாரிடமும் வேறு எதையும் பேச முடியவில்லை.

பிறகு ஏன் சமையலறையில் நாம் நீலத்தைப் பார்ப்பதில்லை? கரைக்கு வந்து ஐஸில் கிடக்கும்போதே ஆக்சிஜன் தீர்ந்து ரத்தம் வெளுத்துவிடுகிறது. கடம்பாவை அறுக்கும்போது மைப்பை உடைந்தால் பலகை முழுக்கக் கறுப்பு, அதில் வேறு எந்த நிறம் தெரியும்?

அந்தக் கறுப்பும் செம்போடு சம்பந்தப்பட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை சேலையூர்ப் பக்கம் ஒரு மீன்கடையில் நின்றிருந்தேன். ஒரு கூறு இறாலில் தலையோரமும் கால் பக்கமும் கரி தடவியதுபோல இருந்தது. "இது என்னக்கா?" என்றேன். "நேத்து சரக்கு சார். ஐஸ் பத்தல. கெட்டதுன்னும் சொல்ல முடியாது, நல்லதுன்னும் சொல்ல முடியாது. கொழம்புக்குன்னா போட்டுத் தரேன், வறுவலுக்குன்னா அந்தக் கூறு எடுத்துக்க" என்றார். உணவு அறிவியல் புத்தகங்களும் சுற்றிவளைத்து இதைத்தான் சொல்கின்றன. இறால் செத்த பிறகு அதன் உடம்பிலுள்ள செம்பு கலந்த ஒரு நொதி காற்றுபட்டு வேலை செய்யத் தொடங்குகிறது. விளைவு மெலனின் என்ற கறுப்புச் சாயம். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் நேரம் கடந்துவிட்டதற்கு அது சாட்சி. கடம்பாவின் மையும் மெலனின்தான். நம் தலைமுடியின் கறுப்பும் அதேதான், அதை உண்டாக்கும் நொதியும் செம்பு இல்லாமல் நகராது. அதற்காகக் கடம்பா தின்றால் நரை போகும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளப்பினால், அந்தப் பழி என்மேல் வேண்டாம்.

இப்போது கிண்ணத்துக்குத் திரும்பலாம். 100 கிராம் கடம்பாவில் ஏறக்குறைய 1.9 மில்லிகிராம் செம்பு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம் போதும் என்கிறது அமெரிக்கக் கணக்கு. ஆக, நம் 50 கிராம் துண்டுகளிலேயே ஒரு நாள் பாடு முடிந்தது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பை ரத்தத்துக்குள் அனுப்பும் புரதத்துக்குச் செம்பு வேண்டும். செம்பு மிகவும் குறைந்தால் இரும்பு இருந்தும் சோகை வரும். நம் ஊரில் பெண்களின் சோகைக்கு முக்கியக் காரணம் இரும்புப் பற்றாக்குறைதான், செம்பு அபூர்வமாகவே குறைகிறது. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடம்பா வாங்க ஓடவேண்டாம். வில்சன் நோய் உள்ளவர்களுக்குச் செம்பு உடம்பிலேயே தங்கிவிடும், அவர்கள் இந்தக் கிண்ணத்தைத் தொடவே கூடாது. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அதேதான். செம்பு தவிர செலினியமும் பி12-உம் உண்டு. அவற்றின் வருகையைப் பதிவுசெய்துவிட்டு நகர்கிறேன், இடம் போதவில்லை.

ஓட்டலுக்குப் போக வேண்டியதும் இல்லை. கடம்பா வளையங்களைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். பத்து நிமிடம் விட்டால் ரப்பர். அப்புறம் முக்கால் மணி நேரம் வேகவைத்தால்தான் மறுபடி பல் இறங்கும். இறால் நிறம் மாறிச் சுருண்டதும் அடுப்பை அணைத்துவிடலாம். வெள்ளரி, சின்ன வெங்காயம், கிளிமூக்கு மாங்காய்ச் சீவல், பச்சை மிளகாய், எலுமிச்சை, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். ஜப்பான்காரர் மாதிரி பச்சையாகச் சாப்பிடும் வீரம் வேண்டாம், வெயிலில் மூன்று கைமாறி வந்த சரக்கு இது.

சானடோரியம்? 1928-இல் அதைத் தொடங்கிய டாக்டர் டேவிட் சௌரி முத்து, அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் விடுதி நடத்தியவர். அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளில் கணித மேதை ராமானுஜனும் ஒருவர், அதுவும் கறார் சைவம். இரண்டாம் உலகப் போரில் நார்வேயிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது, சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. இவர்கள் இருவரையும் அந்தச் சுறாவையும் ஒமேகா-3-ஐயும் ஒரே கட்டுரையில் உட்காரவைப்பது அடுத்த வாரத்து வேலை. ஆசிரியர் இரண்டாவது தடவையாகப் போன் செய்கிறார்.

(தொடரும்)