அடுப்புப் பரணும் வான்கோழி நெஞ்சிறைச்சியும்

எல்கடுவவில் என்னிடம் ஓதும் பிள்ளையொன்றின் உம்மா ஒரு சந்தேகம் கேட்டனுப்பியிருந்தார். கட்டாரில் தொழில் புரியும் அவரது மூத்த மகன், உப்பு நீரில் ஊறவைத்துப் புகையில் வாட்டிய வான்கோழி நெஞ்சிறைச்சியை அங்கே சாப்பிட்டுப் பழகிவிட்டாராம். லீவில் வரும்போது வீட்டிலேயே செய்து கொடுக்கலாமா? பரணில் உப்புக்கண்டம் போடுவது போலத்தானே?

சகோதரிகளே, அந்தப் 'போலத்தானே'யில்தான் ஆபத்து இருக்கிறது.

வான்கோழி ஹலாலான பறவை. அதில் ஐயம் வேண்டாம். (அமெரிக்காவில் பிறந்த இப்பறவை அறபியில் 'தீக் ரூமீ', அதாவது ரோமச் சேவல். துருக்கியருக்கு 'ஹிந்தி'. ஆங்கிலேயரோ துருக்கியின் பெயரையே சூட்டிவிட்டார்கள்!) இறைச்சியை உப்பிட்டு உலர்த்துவதும் நமக்குப் புதிதல்ல; அறபிகளின் 'கதீத்' அதுதான். மக்கள் வறுமையில் வாடிய ஒரு வருடம் உழ்ஹிய்யா இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாமெனத் தடுத்த நபி (ஸல்) அவர்கள், பின்னர் உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள்.

நக்கிள்ஸ் மலைச்சாரலின் மழையிலும் பனிமூட்டத்திலும் வெயிலை நம்ப முடியாது. ஆகவே விரல் கனத்தில் கீறிய மாட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் மிளகும் பிரட்டி, அடுப்புக்கு மேலே நாட்கணக்கில் தொங்கவிட்டார்கள் எங்கள் உம்மாமார். அதைக் காத்தது புகை என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் காத்தது கடும் உப்பும், ஈரம் வற்றியதுமே. புகை கொடுத்தது பெரும்பாலும் மணந்தான். நெஞ்சிறைச்சியோ தடித்தது, ஈரமானது. பரணின் இளஞ்சூட்டில் அதன் நடுப்பகுதி கிருமிகளுக்குத் தொட்டிலாகிவிடும். எங்கள் வீட்டிலும் ஒரு முறை கோழி நெஞ்சைத் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த வீண்விரயம் இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் எப்படிச் செய்வது? வான்கோழி கிடைக்காவிட்டால் கோழி நெஞ்சே போதும். ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, கொஞ்சம் மிளகும் ஏலமும். கொதிக்கவைத்து, முற்றாக ஆறிய பிறகே இறைச்சியை அமிழ்த்துங்கள். கோழிக்கு நாலைந்து மணி நேரம். தடித்த வான்கோழிக்கு ஓர் இரவு. கட்டாயம் பிரிட்ஜுக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிர் போதாது. பின்னர் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள்.

பழைய இரும்புச் சட்டியில் சிரட்டைத் தணல், அதன்மேல் பட்டை உரித்த கறுவாக் குச்சிகள், மேலே கம்பித் தட்டு, மூடி. குச்சிகளுக்கு மாத்தளைப் பக்கம் பஞ்சமில்லை. பெயின்ட் பூசிய பலகையும், பைன் போன்ற பிசின் மரமும் ஆகாது. முற்றத்தில் செய்யுங்கள், கதவடைத்த குசினியில் தணல் புகை உயிரைக் குடிக்கும். முக்கால் மணி நேரத்தில் மணம் ஏறிவிடும். ஆனால் மணம் ஏறியது வேறு, வெந்தது வேறு. தடித்த நடுப்பகுதி 74 பாகை செல்சியஸைத் தொட வேண்டும். அளக்கும் கருவி இல்லாதவர்கள், புகைத்த கையோடு மெல்லிய துண்டுகளாக்கி நன்றாகப் பொரித்தோ கறியாக்கியோ விடுங்கள்.

பிரிட்ஜில் மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள். ஊறவைத்த உப்பு நீரைக் கறிக்கு ஊற்றிவிடாதீர்கள். பச்சை இறைச்சி கிடந்த நீர் அது, கொட்டிவிடுங்கள்.