முன்சக்கரத்தில் சத்தமா? முதலில் கையால் பாருங்க

காய்கறி மூட்டை, பால் கேன், ஜீவாமிர்தம் டிரம் என்று நம்ம பைக் சுமக்காத சுமை கிடையாது. போகிற வழியும் மண் பாதைதான். முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வராமல் இருக்குமா? வந்ததும் பட்டறைக்குப் போய், "ஃபோர்க்கை மாத்துங்க" என்பது, இலையைத் திருப்பிப் பார்க்காமலே பூச்சிக்கு மருந்து அடிப்பது மாதிரி. காசு போகும், சத்தம் போகாது.

முதலில் செலவில்லாததைப் பாருங்க. மட்கார்டு, ஹெட்லைட், நம்பர் பிளேட் போல்ட்டுகளையும் முன்சக்கர ஆக்சில் நட்டையும் ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள். பல நேரம் சத்தம் இங்கேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லையா? சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள்.

1. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் கோன் செட் லூஸ். ஃபோர்க் குழாய்க்குள் ஆடினால் உள்ளே தேய்மானம்.

2. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட்டை மாற்றத்தான் வேண்டும்.

3. டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் போய்விட்டது.

4. சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். 'கரகர' என்றால் அதுவும் பேரிங்தான். சுற்றுக்கு ஒரு முறை உரசினால் பிரேக்கைப் பாருங்கள்.

5. ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. ஆயில் குறைந்தால் பள்ளத்தில் 'டமால்' என்று இடிக்கும்.

கோன் செட் லூஸ் என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். மேல் நட்டைத் தளர்த்தி, அதற்கு அடியில் உள்ள வளைய நட்டை ஆட்டம் போகும் வரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மேல் நட்டை இறுக்கியபின் மறுபடி சோதியுங்கள். தூக்கிய நிலையில் லேசாகத் தட்டினாலே ஹேண்டில்பார் இரு பக்கமும் தானாகச் சாய வேண்டும். அதிகம் இறுக்கினால் வண்டி நேராகப் போகாமல் அலையும்.

பேரிங், ஆயில் சீல், பிரேக் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் எங்கே ஆடுகிறது என்று நீங்களே காட்டுங்கள். சக்கரத்திலோ கழுத்திலோ ஆட்டம் இருந்தால், சரிசெய்யும் வரை மூட்டை ஏற்ற வேண்டாம். பாரத்தோடு பிரேக் பிடிக்கும்போதுதான் அது ஆளைச் சாய்க்கும்.

இன்னொன்று: பம்புசெட் தண்ணீரைச் சக்கர நடுவிலும் ஹேண்டில் கழுத்திலும் நேராகப் பீய்ச்சாதீங்க. கிரீஸ் கழுவிப் போனால் உள்ளே துரு ஏறும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.